திரையேறும் உழவர் இல்லம்



மொழிக் கழகம் நடத்தும் சொற்பொழிவில் தொலைக்காட்சியைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம். ஒரு குடும்பத்தின் வாழ்வில் எது ஊருக்கு உரியது, எது வீட்டுக்கு உரியது என்னும் கேள்வியை நம் மொழி மிகப் பழங்காலத்திலேயே எழுப்பி, அதற்கு இலக்கணமும் வகுத்துக் கொடுத்திருக்கிறது. அகம், புறம் என்று வாழ்வையே இரண்டாகப் பகுத்த மொழி இது. உழவர் வீட்டுக்குள் ஒளிக்கருவி நுழையும் இக்காலத்தில் அந்தப் பகுப்பு நமக்கு எவ்வாறு துணைநிற்கும் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

மலையும் ஒளிக்கருவியும்

பிரிஞ்சாங்கிற்கு வடக்கே அமைந்த இந்தக் கியா பார்ம், படம் பிடிக்கப்படுவதற்குப் பழகிப்போன ஊர். பள்ளி விடுமுறை நாள்களில் இச்சாலையில் வண்டிகள் நத்தைபோல் ஊர்வதை நீங்கள் அறிவீர்கள். சந்தையில் சோளமும் செம்புற்றுப் பழமும் வாங்க வருகிறவர்கள், அருகிலுள்ள சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவின்முன் நின்று ஒரு படம் எடுக்காமல் திரும்புவது அரிது. அந்தப் படத்தின் ஓரத்தில் கொழுந்து பறிக்கும் ஒருவர் நிற்பார். அவர் பெயரை எவரும் கேட்பதில்லை. அவருடைய கூடையும் தொப்பியும் மட்டும் உலகெங்கும் சென்றுவிடுகின்றன.

1929-ஆம் ஆண்டு ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் என்பவர் இம்மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்நாள் முதல் இம்மலையின் அழகு விற்பனைக்கு உதவி வந்திருக்கிறது. தேயிலைப் பெட்டியின் மேலும் சுற்றுலா அஞ்சலட்டையின் மேலும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவம் இடம்பெற்றது. அது வேலையின் உருவம், புறத்தின் உருவம். அவர் வீட்டில் என்ன சமைத்தார், யாரோடு பிணங்கினார், பிள்ளையின் படிப்புக்கு யாரிடம் கடன் வாங்கினார் என்பது அந்தப் பெட்டியில் அச்சாகவில்லை. இன்றைய ஒளிக்கருவி அந்த எல்லையில் நிற்பதில்லை. அது சரிவிலிருந்து வீட்டு வாசலுக்கு வருகிறது. வாசலிலிருந்து அடுப்படிக்குப் போகிறது. அங்கிருந்து படுக்கையறைக் கதவையும் தட்டுகிறது.

மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-இல் தொடங்கியது. 1996-இல் ஆஸ்ட்ரோ துணைக்கோள் ஒளிபரப்பு வந்தபின் தமிழுக்கெனத் தனி அலைவரிசை கிடைத்தது. அதன்பின் வலையொளி வந்தது. முதல் கட்டத்தில் நாம் திரையைப் பார்த்தோம். அடுத்த கட்டத்தில் நம்மைப் போன்றவர்களைத் திரையில் பார்த்தோம். இப்போது நாமே, கையடக்கத் தொலைபேசியின் துணையோடு, நம் வீட்டைத் திரையாக்கிக் கொள்கிறோம். புகழ் என்பது அரண்மனைக்கும் மேடைக்கும் மட்டும் உரியதாய் இருந்த காலம் போய்விட்டது. உழவர் குடிலுக்கும் அது ஒரே இரவில் வந்து சேர்கிறது. வந்து சேர்வதில் தவறு ஒன்றும் இல்லை. வந்தபின் அந்தக் குடில் குடிலாகவே இருக்க முடிகிறதா என்பதே நம் கவலை.

இரண்டு பண்ணைகள்

இக்கவலை நமக்கு மட்டும் உரியதன்று. கடல் கடந்த ஒரு நாட்டின் இரண்டு பண்ணைகளை முதலில் காண்போம்.

இங்கிலாந்தின் வடபகுதியில் பால்டர்ஸ்டேல் என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. அங்கே ஹன்னா ஹாக்ஸ்வெல் என்னும் பெண்மணி, பெற்றோர் மறைந்தபின் தனியொருவராய் ஒரு சிறு பண்ணையை நடத்தி வந்தார். மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. 1973-இல் யார்க்‌ஷயர் தொலைக்காட்சி அவரைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை ஒளிபரப்பியது. பனியில் மாட்டை இழுத்துச் செல்லும் அந்தப் பெண்மணியின் தோற்றம் நாட்டையே உருக்கியது. கடிதங்களும் பரிசுகளும் பணமும் வந்து குவிந்தன. அவர் வீட்டுக்கு மின்சாரம் வந்தது. புகழ் அவருக்குச் செய்த நன்மை அது. அதை நாம் மறைக்கக் கூடாது. 1988-இல், உடல் தளர்ந்த நிலையில், அவர் பண்ணையை விட்டுப் பக்கத்துச் சிற்றூரில் குடியேறியபோது, அந்தப் பிரிவையும் ஒளிக்கருவி உடனிருந்து படம் பிடித்தது. தம் வாழ்வின் மிகத் துயரமான நாளை அவர் தனியே கழிக்கவில்லை; பல இலட்சம் பேரோடு கழித்தார். அது துணையா, சுமையா என்று அவரால் மட்டுமே சொல்லியிருக்க முடியும். அவர் 2018-இல் மறைந்தார்.

அதே வட இங்கிலாந்தில் ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் ராவன்சீட் என்னும் ஆட்டுப்பண்ணை உள்ளது. அமண்டா ஓவன், கிளைவ் ஓவன் என்னும் இணையர் அங்கே ஒன்பது பிள்ளைகளோடு வாழ்ந்தனர். 2018 முதல் 2022 வரை சேனல் 5 அலைவரிசை அக்குடும்பத்தின் அன்றாட வாழ்வைத் தொடராக ஒளிபரப்பியது. ஆட்டுக்குட்டி பிறப்பதும், பிள்ளைகள் வைக்கோல் சுமப்பதும், பனிக்காலத்தில் மந்தையைத் தேடிச் செல்வதும் மக்களுக்குப் பேரின்பம் அளித்தன. நகரத்தில் அடைபட்டுக் கிடந்தவர்கள் அதில் தாம் இழந்துவிட்ட வாழ்வைக் கண்டனர். 2022 ஜூன் மாதம் அவ்விருவரும் பிரிவதாக அறிவித்தனர். பிள்ளைகளுக்காகவும் பண்ணைக்காகவும் தொடர்ந்து இணைந்து உழைப்போம் என்றும் கூறினர்.

அவர்களுடைய பிரிவுக்குத் தொலைக்காட்சிதான் காரணம் என்று கூற நமக்கு எந்த உரிமையும் இல்லை. புகழின் வாசனையே அறியாத குடும்பங்களிலும் கணவன் மனைவி பிரிகிறார்கள். நாம் கருத வேண்டியது வேறு. பிறர் வீட்டில் பிரிவு நேர்ந்தால் உற்றார் பத்துப் பேருக்குச் சொன்னால் போதும். இவர்களோ ஒரு நாட்டுக்கே அறிக்கை விட வேண்டியிருந்தது. அறிவித்தபின், எங்களை அவ்வளவு மகிழ்ச்சியாகக் காட்டினீர்களே என்று கேட்கும் உரிமை தமக்கு உண்டு என்று முன்பின் அறியாதவர்கள் நினைத்துக்கொண்டார்கள். திரையில் ஒரு குடும்பம் காட்டிய மகிழ்ச்சியை, பார்த்தவர்கள் தமக்குக் கொடுக்கப்பட்ட வாக்குறுதியாக எடுத்துக்கொண்டனர். உழவர் வீட்டுப் புகழின் பெருஞ்சுமை அதுவே.

நம்மருகே நடந்தவை

இனி நம் நாட்டுக்கு வருவோம். சிம்பாங் பூலாய்ச் சாலை வழியே மலையிறங்கினால் அணுகக்கூடிய தொலைவில் உள்ளது பேராக்கின் சுங்கை சிப்புட். 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே தோட்டத் தொழிலாளராய் இருந்த ஓர் இளம் தமிழ் இணையர் ‘சுகு பவித்ரா’ என்னும் வலையொளித் தளத்தைத் தொடங்கினர். எளிய அடுப்படி, எளிய பாத்திரங்கள், சரளமான மலாய் மொழியில் சமையல் விளக்கம். மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து நாடே வீட்டுக்குள் முடங்கியபோது, எல்லா இனத்தாரும் அந்த அடுப்படியைத் தேடி வந்தனர். சில மாதங்களிலேயே பல இலட்சம் பேர் பின்தொடர்ந்தனர். தொலைக்காட்சிகளும் நாளேடுகளும் அவர்களைக் கொண்டாடின. தோட்டத்துத் தமிழர் வீட்டுச் சமையலை நாடே ஒரே மனத்தோடு பார்த்தது அரிய நிகழ்ச்சி. அதற்காக நாம் பெருமைப்பட்டோம், அப்பெருமை நியாயமானதே.

அதே ஆண்டு ஜூலையில் அக்குடும்பத்தின் வீட்டுச் சிக்கல் ஒன்று ஈப்போ நீதிமன்றம்வரை சென்றது. அதன் விவரங்களுக்குள் நாம் இந்த அவையில் புகப்போவதில்லை. நீதிமன்றம் தன் வேலையைச் செய்யும்; அது சட்டத்தின் வழி. நம் மனத்தை வருத்தியது நீதிமன்றத்துக்கு வெளியே நடந்தது. நேற்றுவரை வாழ்த்தியவர்கள் ஒரே நாளில் நீதிபதிகள் ஆயினர். இரு குழந்தைகளின் பெற்றோரைப் பற்றி, அக்குழந்தைகளும் ஒருநாள் படிக்கக்கூடும் என்ற எண்ணமே இல்லாமல், ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினர். சமையல் குறிப்பைக் கேட்டு வந்தவர்களுக்கு அந்த வீட்டின் கண்ணீர்க் கணக்கைக் கேட்கும் உரிமையை யார் கொடுத்தார்கள்?

இன்னொரு குடும்பத்தையும் இங்கே நினைத்துப் பார்ப்போம். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் சின்ன வீரமங்கலம் என்னும் சிற்றூர். அவ்வூர் உழவர் குடும்பத்து இளைஞர்கள் தம் தாத்தா பெரியதம்பியை முன்னிறுத்தி 2018-இல் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ தொடங்கினர். 2021 ஜனவரியில் ராகுல் காந்தி அவர்களோடு அமர்ந்து உணவருந்தினார். அவ்வாண்டு ஜூலையில் ஒரு கோடிப் பேர் பின்தொடரும் முதல் தமிழ் வலையொளித் தளம் என்னும் நிலையை எட்டினர். முதலமைச்சர் நிவாரண நிதிக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்கினர். 2022-இல் ‘விக்ரம்’ திரைப்படத்திலும் தோன்றினர்.

இத்தனை புகழுக்கு இடையிலும் அவர்கள் செய்த ஒன்றைக் கவனியுங்கள். அவர்களுடைய அடுப்பு வீட்டுக்குள் எரியவில்லை. வயல்வெளியில், மரத்தடியில், ஆற்றோரத்தில் எரிகிறது. அண்டா கொதிப்பதை உலகமே பார்க்கிறது. வீட்டுக் கதவைப் பார்ப்பதில்லை. சமைத்ததை ஊராரும் முதியோர் இல்லத்தாரும் உண்பது தெரிகிறது. குடும்பத்தின் உள்கணக்கு தெரிவதில்லை. திட்டமிட்டுச் செய்தார்களோ, இயல்பாய் அமைந்ததோ, அவர்களுடைய புகழ் புறத்திலேயே நிற்கிறது. சுங்கை சிப்புட்டில் ஒளிக்கருவி வைக்கப்பட்ட இடம் வீட்டு அடுப்படி. வாடகைக்கு வயல் எடுக்க வசதியில்லாத தோட்டத் தொழிலாளர்க்கு வேறு இடம் ஏது? ஆகவே ஒருவரைப் புகழ்ந்து மற்றவரைக் குறைகூற நாம் இதைச் சொல்லவில்லை. இடம் இல்லாதவர் வீட்டையே மேடையாக்க நேர்கிறது. மேடையாகிவிட்ட வீட்டில் அழுவதற்கு ஓர் அறை மிஞ்சுவதில்லை.

லயத்துச் சுவர் கற்பித்தது

வீட்டில் மறைவிடம் இல்லாத வாழ்வு தோட்டத்து மக்களாகிய நமக்குப் புதிதன்று. லயத்து வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். ஒரு வரிசைக்கு எத்தனையோ குடும்பம். இடையில் ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். கணவன் மனைவி சண்டை வரிசை முழுவதும் கேட்கும். குழந்தை பசித்து அழுதாலும், மாதக் கடைசியில் அரிசிப் பானையைச் சுரண்டினாலும் கேட்கும். தமிழ்நாட்டுப் பழைய வீட்டில் திண்ணை, நடை, முற்றம், அடுக்களை என்று படிப்படியாக உள்ளே போகும் அமைப்பு இருந்தது. திண்ணையோடு நிற்பவர் யார், முற்றம்வரை வருபவர் யார் என்பது எல்லார்க்கும் தெரியும். லயத்தில் அந்தப் படிகளுக்கு இடமே இல்லை. வாசலைத் தாண்டினால் அடுப்படி.

ஆயினும் லயத்து மக்கள் மானத்தோடு வாழ்ந்தார்கள். எப்படி வாழ்ந்தார்கள்? கேட்டும் கேளாததுபோல் இருந்து வாழ்ந்தார்கள். இரவில் பக்கத்து வீட்டு அழுகையைக் கேட்ட பெண், விடிந்ததும் கூடையை மாட்டிக்கொண்டு அந்த அக்காளோடுதான் மலையேறினாள். “ராத்திரி என்னக்கா சத்தம்?” என்று கேட்கவில்லை. “இந்தாக்கா, தேத்தண்ணி குடி” என்று புட்டியை நீட்டினாள். அவள் எதையும் அறியாதவள் அல்லள். அறிந்ததை வைத்துக்கொள்ளத் தெரிந்தவள். அந்த அக்காள் தானே வாய் திறந்தபோது அமர்ந்து கேட்டாள். அடிவிழும் சத்தம் எல்லை மீறியபோது கதவைத் தட்டவும் செய்தாள்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றுதான். ஒரு குடும்பத்தின் மறைவு வாழ்வைக் காப்பது சுவரன்று, கேட்பவரின் பண்பு. பலகைச் சுவருக்கு அப்பால் இருந்தவர்க்கு அந்தப் பண்பு இருந்தது. ஏனெனில் மறுநாள் அந்த முகத்தில் விழிக்க வேண்டியிருந்தது. கண்ணாடித் திரைக்கு அப்பால் இருப்பவர்க்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர் எழுதிய சுடுசொல்லைப் படித்துக் கலங்கும் முகத்தை அவர் எங்கும் சந்திக்கப்போவதில்லை. தொலைக்காட்சி நமக்குப் பல இலட்சம் பக்கத்து வீட்டாரைக் கொடுத்தது. பக்கத்து வீட்டாரின் கூச்சத்தை அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

பெயர் சுட்டாத மரபு

இந்த இடத்தில்தான் நம் இலக்கண மரபு துணைக்கு வருகிறது. தொல்காப்பியம் அகத்திணை ஒழுக்கத்தைப் பாடும்போது, அன்புடைய தலைவன் தலைவியருள் எவரையும் பெயர் சுட்டிக் கூறலாகாது என்று விதிக்கிறது. போரும் கொடையும் பாடும் புறத்தில் பெயர் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். காதலும் ஊடலும் பிரிவும் பாடும் அகத்தில் பெயர் கூடாது. தலைவி, தோழி, செவிலி என்று பொதுமையில் நின்றே பேச வேண்டும்.

அந்த விதி எவ்வளவு நுட்பமாகக் காக்கப்பட்டது என்பதற்குப் பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை சான்று. நக்கீரர் பாடிய அப்பாட்டு, பிரிவில் வருந்தும் அரசியையும் பாசறையில் இருக்கும் அரசனையும் பற்றியது. அரசனின் பெயர் பாட்டில் இல்லை. ஆயினும் வேலில் கட்டிய வேப்பந்தழை பாண்டியனின் அடையாளப் பூவைக் காட்டிவிடுகிறது. அதனாலேயே உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அப்பாட்டை அகம் என்று கொள்ளாமல் புறம் என்று கொண்டார். ஒரு வேப்பிலை போதும், ஒரு வீட்டின் அகத்தைப் புறத்துக்கு இழுத்துவிட என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். இன்று காணொளியின் ஓரத்தில் தெரியும் பள்ளிச் சீருடையின் சின்னமும், வண்டியின் எண் பலகையும், சாளரத்துக்கு வெளியே தெரியும் கோயில் கோபுரமும் அந்த வேப்பிலையின் வேலையையே செய்கின்றன. அவற்றைக் கொண்டு அந்நியர் ஒருவர் ஒரு குழந்தையின் வீட்டைக் கண்டுபிடித்துவிட முடியும்.

அகப்பாட்டைப் படிக்கும்போது நாம் அழுகிறோம்; யாருக்காக அழுகிறோம் என்று தெரியாது. அந்தத் துயரம் எல்லாருடைய துயரமும் ஆகிறது. எந்த ஒருவருடைய மானமும் கெடுவதில்லை. தொலைக்காட்சி இம்முறையைத் தலைகீழாக்கியது. பெயரும் முகமும் முகவரியும் முன்னே வருகின்றன. துயரம் அதன்பின் காட்சிப்பொருளாக வருகிறது. குடும்பச் சண்டைகளைக் கூடத்தில் அமர்த்தி விசாரிக்கும் நிகழ்ச்சிகள் தமிழ்த் தொலைக்காட்சியில் ஆண்டுக்கணக்கில் ஓடின. ஏழைகளின் வீட்டு வழக்கே அங்கு மிகுதியாக வந்தது என்பதைப் பார்த்தவர்கள் அறிவீர்கள். வசதியுடையவர்கள் தம் வழக்கை மூடிய அறையில் தீர்த்துக்கொள்ள முடிந்தது.

சட்டம் சொல்வது

மரபு சொன்னதைச் சட்டமும் பிற்காலத்தில் சொல்லத் தொடங்கியது. 1994-இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு தமிழ் வழக்கு வந்தது. ஆட்டோ சங்கர் என்னும் தூக்குத் தண்டனைக் கைதி சிறையில் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட விரும்பியது, அதிகாரிகள் தடுத்தனர். இதழாசிரியர் ராஜகோபால் தொடுத்த அவ்வழக்கில் நீதிமன்றம் இரண்டையும் நிலைநாட்டியது. அரசு முன்கூட்டியே வெளியீட்டைத் தடுக்க முடியாது. அதேவேளை, ஒருவருடைய இல்லம், திருமணம், தாய்மை, பிள்ளைப்பேறு, கல்வி ஆகியவற்றைப் பற்றி அவர் இசைவின்றி எவரும் வெளியிடலாகாது; தம்மைத் தாமே விட்டுவிடுமாறு கேட்கும் உரிமை ஒவ்வொருவர்க்கும் உண்டு. பொது ஆவணத்தில் இடம்பெற்ற செய்திகளுக்கும், தாமே முன்வந்து பொதுச் சர்ச்சையில் இறங்கியவர்களுக்கும் விலக்கு உண்டு என்றும் அத்தீர்ப்பு கூறியது. 2017 ஆகஸ்டு 24-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த புட்டசாமி வழக்கில் அது அடிப்படை உரிமை என்றே உறுதியாயிற்று. மலேசியாவிலும் 2010-இல் சிவராசா ராசையா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், அரசமைப்பின் ஐந்தாம் பிரிவு கூறும் தன்னுரிமைக்குள் இதுவும் அடங்கும் என்றது.

தாமே முன்வந்தவர் என்னும் அந்த விலக்கில்தான் உழவர் குடும்பம் சிக்கிக்கொள்கிறது. சமையலைக் காட்ட முன்வந்தவர் தம் மண உறவையும் காட்ட முன்வந்தவர் ஆவாரா? ஆகார் என்பதே நம் கருத்து. ஒரு பாத்தியில் உள்ள கோசை விற்றவர் நிலத்தையே விற்றுவிட்டார் என்று எந்த வியாபாரியும் சொல்வதில்லை. காட்டியதற்கு எல்லை உண்டு. அந்த எல்லையை வகுக்கும் உரிமை காட்டியவர்க்கே உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. வீட்டு மானம் என்னும் சொல்லைக் கொண்டு வீட்டுக்குள் நடக்கும் அடியையும் உதையையும் மூடி மறைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதை நாம் ஒருபோதும் ஆதரிக்கலாகாது. மலேசியாவில் குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இலேயே இயற்றப்பட்டுவிட்டது. அடிபடுகிறவர் காவல் நிலையத்துக்குப் போவது அகத்தை மீறுவதாகாது. அடித்தவரே அதை முன்னமே மீறிவிட்டார். கதவைத் தட்டி உதவ வருவது வேறு. கதவிடுக்கில் கண் வைத்துப் பார்ப்பது வேறு. லயத்து அக்காளுக்கு அந்த வேறுபாடு தெரிந்திருந்தது.

சொல் தேடுவோம்

மொழிக் கழகத்தின் மேடையில் நிற்பதால் சொல்லைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். இவ்வுரிமையைக் குறிக்க நம்மிடம் நிலைபெற்ற சொல் இன்னும் அமையவில்லை. ‘அந்தரங்கம்’ என்றால் ஏதோ மறைக்கத்தக்க குற்றம் இருப்பதுபோன்ற சாயல் தட்டுகிறது. ‘தனிமை’ என்றால் துணையற்ற நிலை. ‘தனியுரிமை’ என்பது நீதிமன்றச் செய்திகளில் வழங்கினாலும், ஒரு பொருளை ஒருவரே விற்கும் உரிமை என்னும் பொருளோடு மயங்குகிறது. நாம் ‘அகவுரிமை’ என்னும் சொல்லை இந்த அவையின்முன் வைக்கிறோம். அகம் என்பது உள்ளம். அகம் என்பது வீடு. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்த மொழியில், இரண்டையும் காக்கும் உரிமைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. அறிஞர்கள் ஆராய்ந்து கொள்ளலாம், தள்ளலாம். சொல் இல்லாத உரிமையைக் கேட்டுப் பெறுவது எளியவர்க்குக் கடினம் என்பதை மட்டும் மறவாதிருப்போம்.

செய்யத்தக்கவை

இறுதியாக மூன்று தரப்பினர்க்கு நம் வேண்டுகோள்.

முதலாவது, திரையேற விரும்பும் தோட்டக் குடும்பங்களுக்கு. புகழை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. விளைச்சலுக்கு விலை கிடைக்காத காலத்தில் ஒரு காணொளி பிள்ளையின் கல்விக் கட்டணத்தைக் கட்டிவிடக்கூடும். ஆனால் ஒளிக்கருவி வருவதற்கு முன்னரே வீட்டார் அனைவரும் அமர்ந்து, எந்த அறைக்குள் அது வரலாம், எந்தப் பேச்சு அதன்முன் கூடாது என்று முடிவு செய்யுங்கள். வீட்டில் ஒருவர் மறுத்தாலும் அவரை விட்டுவிடுங்கள். வரும் பணம் யார் பெயரில் சேர்கிறது என்பதையும் அன்றே பேசித் தெளியுங்கள். புகழ் பிரித்த குடும்பங்கள் பலவற்றில் கணக்கே முதலில் பிரிந்திருக்கும். சின்ன வீரமங்கலத்தார்போல், இயன்றவரை வயலைக் காட்டுங்கள், வாசலோடு நிறுத்துங்கள். குழந்தைகள் வளர்ந்தபின் தாமே முடிவு செய்யட்டும். அழும் குழந்தையின் முகத்தை ஊருக்குக் காட்ட அதன் பெற்றோர்க்கும் உரிமை இல்லை என்பதே நம் உறுதியான எண்ணம்.

இரண்டாவது, படம் எடுக்க வருவோர்க்கு. எழுத்தறிவு குறைந்த ஒருவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் இசைவு கிடைத்துவிட்டது என்று எண்ணாதீர்கள். என்ன காட்டப்போகிறீர்கள், எத்தனை காலம் காட்டப்போகிறீர்கள், பின்னர் மனம் மாறினால் எடுத்துவிடுவீர்களா என்பதை அவருடைய மொழியில் சொல்லுங்கள். ஒளிபரப்புக்கு முன் அவர்களுக்கு ஒருமுறை போட்டுக் காட்டுங்கள்.

மூன்றாவது, பார்ப்போராகிய நமக்கு. திருக்குறளின் ஐம்பத்தெட்டாம் அதிகாரத்தின் பெயர் கண்ணோட்டம். இன்று அச்சொல்லை ஒருவருடைய கருத்து, பார்வைக் கோணம் என்னும் பொருளில் வழங்குகிறோம். வள்ளுவர் வழங்கிய பொருள் வேறு. பழகியவர்மேல் கண் ஓடும்போது நெஞ்சில் சுரக்கும் இரக்கமே கண்ணோட்டம். அதற்கு அடுத்த அதிகாரம் ஒற்றாடல். இரண்டும் பார்க்கும் செயலே. ஒன்றில் பார்வை இரக்கமாகிறது, மற்றொன்றில் வேவாகிறது. திரையின்முன் அமரும் ஒவ்வொரு மாலையும் நாம் எந்த அதிகாரத்துக்குள் இருக்கிறோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இங்கிருந்து கலைந்து செல்லும்போது சிலர் கையில் தொலைபேசி ஒளிரும். ஏதோ ஒரு குடும்பத்தின் துயரச் செய்தி அதில் வந்திருக்கலாம். அதை இன்னொருவர்க்கு அனுப்புமுன், அந்தக் குடும்பம் நம் லயத்தில் அடுத்த வீடு என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். விடிந்தால் அவர்களோடு கூடை மாட்டிக்கொண்டு இந்த மலையேற வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அப்போது விரல் தானே நின்றுவிடும்.